பத்தொன்பதாவது அட்டை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என் தம்பி ப்ளஸ் ஒன் படிக்கும்போது சச்சா மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய், வெள்ளாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் விழுந்தான். (அத்தாவின் தம்பியை எங்கள் வீட்டில் சச்சா என்போம், அத்தா என்றால் அப்பா.) வலது முன்கை எலும்பு முறிந்தது. நான் வேலை பார்க்கும் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள்.

2. டாக்டர் ஐந்து நாளைக்குக் கடுமையான வலி மாத்திரை ஒன்று எழுதினார். அந்த ஆஸ்பத்திரியின் பார்மசிஸ்ட் நான். சீட்டை வாங்கியதும் மாத்திரையை எடுத்ததும் பில் போட்டதும் நான்தான்.

3. எந்த நேரத்துக்கு எது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தம்பி ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் டிக் அடித்தான். ஆறாம் நாள் தாளைக் கிழித்துப் போட்டேன்.

4. சச்சா மகனிடம், இனி வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றேன்.

5. ஒன்றரை வருடம் கழித்து, அதே சச்சா மகன் மருந்தக ஜன்னலில் வந்து நின்று ஒரு விஷயம் சொன்னான்.

6. அதற்கு நாற்பது நாள் கழித்து ஷார்ஜாவிலிருந்து அத்தா, தம்பிக்கு விசிட் விசா அனுப்பினார்.

7. அத்தாவுக்காகத் தம்பி கொண்டுபோக வேண்டிய சர்க்கரை மாத்திரை பதினெட்டு அட்டை. பயணத்துக்கு மூன்று நாள் முன்னால் டப்பாவைத் திறந்து எண்ணினேன். பத்தொன்பது இருந்தது.

இப்படி எழுதிப் பார்த்தால் ஏழாவதுதான் பெரியதாகத் தெரிகிறது. என்னைக் கேட்டால் நான்காவதைச் சொல்வேன்.

சச்சா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டுவிட்டு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். தலைமுடியில் செம்பட்டைச் சாயம். பைக்கின் சைலன்சரைக் கழற்றி வைத்திருப்பான். அவன் தெருவுக்குள் நுழைவது அவன் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே தெரியும். ஆற்றில் தண்ணீர் வந்தால் முதலில் குதிப்பவன். பள்ளிவாசல் கந்தூரியில் சோற்று அண்டாவைத் தனியாகத் தூக்குகிறேன் என்று பந்தயம் கட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டவன். எங்கள் தெருவில் ஏதாவது உடைந்தால் முதலில் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

தம்பி விழுந்த இரண்டு வாரத்தில், எங்கள் ஆஸ்பத்திரி சார்பில் குரும்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் போதைப்பொருள் விழிப்புணர்வு முகாம் நடந்தது. துண்டுப் பிரசுரம் கொடுக்கும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். ஆலோசகர் அம்மா ஒருவர் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டார். எப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று எழுதினார். ஆபத்தைத் தேடிப் போகிற சுபாவம். யோசிக்காமல் செய்துவிடுகிற சுபாவம். எதிலும் நம்பிக்கை இல்லாத சுபாவம். எப்போதும் பதற்றத்தில் இருக்கிற சுபாவம்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து நான்கையும் எழுதிக்கொண்டேன். முதல் இரண்டுக்கும் பக்கத்தில் சச்சா மகனைக் குறிக்க ஒரு புள்ளி வைத்தேன். மூன்றாவதை விட்டுவிட்டேன். நான்காவதைப் படித்தபோது, இது எப்படி ஆபத்து ஆகும், பயந்த பிள்ளை தப்பு எதுவும் செய்யாது என்று நினைத்தேன். அந்த அம்மா அதற்கும் விளக்கம் சொன்னார். அந்த நேரத்தில் நான் பின்வரிசைக்குப் பிரசுரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சச்சா மகனைப் பற்றிச் சொன்னேன். "அவன நம்ம தம்பியோட சேர விடாதீங்க. படிச்சவங்க சொல்றாங்க."

"படிச்சவங்க சொல்லணுமா? பாலத்துல தள்ளி விட்டான், அது போதாது?" என்றார் அம்மா.

தம்பி கட்டுப்போட்ட கையோடு பக்கத்து அறையில் இருந்தான். எல்லாம் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டான்.

அவனைப் பற்றி எழுத வேண்டும். நான்காம் வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடப் பையை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் புறப்படுவான். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "அக்கா, கணக்கு நோட்ட வச்சேன்ல?" என்பான். வைத்தாயிற்று என்றால் நான்காவது முறை திறப்பான். வாத்தியார் வேறு யாரையாவது திட்டினால் இவனுக்கு வயிறு வலிக்கும். நோன்பு காலத்தில் பல் துலக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விட்டதோ என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பான். விரல் நகத்தைக் கடிக்க மாட்டான். நகத்தைச் சுற்றியிருக்கும் தோலைக் கடிப்பான், இரத்தம் வரும் வரை. யார் எதைக் கேட்டாலும் சரி என்பான். அவனுக்கு மீன் பிடிக்காது என்பது அவனுடைய பதினைந்து வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை போட்டதைச் சாப்பிட்டான். ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் அட்டையில் வகுப்பாசிரியர் எழுதுவது ஒரே வரி: அமைதியான, ஒழுக்கமான மாணவன்.

அப்படிப்பட்ட பிள்ளை எனக்கு வசதியாக இருந்தான். இதையும் எழுதிவிட வேண்டும். அத்தா பத்தொன்பது வருடமாக ஷார்ஜாவில் ஒரு கடையில் இருக்கிறார். வீட்டில் நான், அம்மா, தம்பி. கண்காணிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவன் இருந்தால், கண்காணிப்பு முழுவதையும் வெளியே இருப்பவன் மேல் வைக்கலாம்.

சச்சா மகன் ஜன்னலில் வந்து நின்ற அன்று மருந்தகத்தில் கூட்டம். வரிசையில் நின்றுதான் வந்தான். சுண்ணாம்புக்கல் தூசு புருவம் வரை படிந்திருந்தது.

"என்ன வேணும்?" என்றேன், தெரியாத ஆளைக் கேட்பதுபோல.

"உங்கிட்டதாங்க்கா பேசணும். ஒரு அஞ்சு நிமிஷம்."

"டூட்டில இருக்கேன்."

"அப்ப இங்கயே சொல்லட்டுமா? பின்னாடி எட்டுப் பேரு நிக்கிறாங்க. எனக்கொன்னும் இல்ல."

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வந்தேன். அவன் சுற்றி வளைக்கவில்லை. தம்பி வலி மாத்திரை சாப்பிடுகிறான், தினமும், ஒரு வருடத்துக்கு மேலாக, என்றான்.

"நீதானே பழக்கின?"

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "எனக்கு மாத்திரைன்னாலே கொமட்டும். பீடிகூட இல்ல. கேட்டுப்பாரு, எங்க ஓனர் மாசாமாசம் ஊதச் சொல்லித்தான் வண்டியக் குடுக்குறாரு. நீ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தியேக்கா, கேமரா கணக்கா. உன் தம்பிய யாரு பாத்தா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவனே சொன்னான். வேற யாருட்ட சொல்லுவான்? உங்கிட்டயா? நீ உடனே கட்டம் போட்டு ஒட்டிருவியே."

எங்கிருந்து வாங்கினான் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என் மருந்தகத்திலிருந்து இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அன்றே பதிவேட்டையும் இருப்பையும் பின்னோக்கி ஒன்றரை வருடத்துக்குச் சரிபார்த்தேன். ஒரு மாத்திரை குறையவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்காக வந்தது, தம்பிக்காக இல்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

கேட்டதும் தம்பி மறுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். "சரிக்கா, விட்டுடுறேன்" என்றான். சந்தைக்குப் போய் வா என்றால் சொல்கிற அதே சரி.

"வலிச்சுச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"வலிக்கலக்கா. கை வலி நாலு நாள்லயே போயிடுச்சு."

"அப்புறம் ஏன்?"

ரொம்ப நேரம் யோசித்தான். சரியான பதில் சொல்ல வேண்டும் என்று பரீட்சையில் யோசிப்பதுபோல. "மொத மாத்திர போட்டப்ப, மண்டைக்குள்ள எல்லாம் நின்னுடுச்சு. நோட்டு வச்சேனா, கதவு சாத்துனேனா, அவரு ஏன் அப்படிப் பாத்தாருன்னு ஓடிக்கிட்டே இருக்கும்ல? அது நின்னுடுச்சு. அப்ப நெனச்சேன், மத்தவங்கல்லாம் எப்பவுமே இப்படித்தான் இருக்காங்களா? அவங்களுக்கு மாத்திர போடாமலேயே இப்படியா இருக்கு?"

எனக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரே வீட்டில், ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள். எனக்குப் பட்டியல் போட்டால் நிற்கும். அதனால்தான் பட்டியல் போடுகிறேன் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை. சுத்தமாக இருப்பது, ஒழுங்காக இருப்பது என்று அதற்கு நல்ல பெயர் வைத்திருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன்.

மறுநாள் அவனை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். மருந்து படித்தவள் நான். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் காட்டினால் மாலைக்குள் எல்லா நர்ஸுக்கும் தெரியும். வேறு இடத்தில் காட்டினால் ஏன் உங்கள் ஆஸ்பத்திரியில் காட்டவில்லை என்பார்கள். அம்மா அழுதுவிட்டு, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு தாளில் கட்டம் போட்டேன்.

இந்தத் தடவை பிரிட்ஜில் ஒட்டவில்லை, அவன் அலமாரிக்குள். நாற்பது நாள், நாற்பது கட்டம். மாத்திரை போடாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக். முதல் வாரம் வியர்த்தான், வாந்தி எடுத்தான், காய்ச்சல் என்று அக்கம்பக்கத்தில் சொன்னோம். பிறகு தெளிந்தான். தினமும் டிக் அடித்தான். நாற்பதும் நிறைந்தது. பத்தாம் நாளிலிருந்து அந்த டிக் எதுவும் உண்மை இல்லை. "நீ ஏமாந்துடக்கூடாதேங்குற பயத்துலதான்க்கா அடிச்சேன்" என்று பின்னால் சொன்னான். ஏமாந்து என்ற சொல்லை ஏமாற்றம் அடைந்து என்ற அர்த்தத்தில் சொன்னான். எனக்கு இரண்டும்தான் நடந்தது.

அந்த நாற்பது நாளுக்குள் அம்மா அத்தாவிடம் பேசியிருந்தார். விஷயத்தைச் சொல்லவில்லை. "இங்க சேர்மானம் சரியில்லங்க, அங்க கூப்புட்டுக்கங்க, உங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று மட்டும். எங்கள் ஊரில் இது வழக்கமான வைத்தியம். படிப்பு ஏறவில்லையா, பைக்கில் சுற்றுகிறானா, காதலிக்கிறானா, எல்லாவற்றுக்கும் திருச்சி ஏர்போர்ட்தான் மருந்து. பலருக்குக் கேட்டும் இருக்கிறது. விசா வந்தது, டிக்கெட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பயணம்.

எங்கள் தெருவில் எனக்கு ஒரு வேலை உண்டு. அரபு நாட்டுக்குப் போகிற யாராக இருந்தாலும் மருந்துப் பையை என்னிடம் கொண்டுவருவார்கள். இங்கே சாதாரணமாக எழுதிக் கொடுக்கிற சில வலி மாத்திரை, சில இருமல் மருந்து அங்கே போதைப்பொருள் கணக்கில் வரும். ஏர்போர்ட்டிலேயே பிடித்து ஜெயிலில் போட்டுவிடுவார்கள். தெரியாமல் கொண்டுவந்தேன் என்ற பேச்சே எடுபடாது. அதனால் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, ஆகாததை எடுத்துவிட்டு, மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை அட்டை என்று ஆங்கிலத்தில் எழுதி, டாக்டர் சீட்டோடு டப்பா மூடியில் ஒட்டிக் கொடுப்பேன். தம்பியின் பையையும் அப்படித்தான் கட்டினேன். அத்தாவின் சர்க்கரை மாத்திரை, ஆறு மாதத்துக்கு, பதினெட்டு அட்டை.

வியாழக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு, எதிர்வீட்டு மாமி ஷார்ஜாவில் இருக்கும் தன் மகனுக்கு முறுக்கும் இஞ்சி ஊறுகாயும் கொண்டுவந்தார். கூடத்து மேஜை முழுக்க இப்படி ஊர்ச் சாமான். ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய தாள். மாமியின் பொட்டலத்துக்கு இடம் செய்யத்தான் மருந்து டப்பாவை எடுத்தேன். எடுத்த கையோடு இன்னொரு முறை எண்ணினேன். அது என் சுபாவம்.

பத்தொன்பதாவது அட்டை நடுவில் இருந்தது. அதே வெள்ளி நிறம். அதன் பின்பக்க எழுத்தைப் படிக்க எனக்கு ஒரு வினாடிகூடத் தேவைப்படவில்லை.

மாமி பேசிக்கொண்டே இருந்தார். "ஊறுகாய நிமித்தி வைக்கச் சொல்லு, எண்ண ஒழுகிடும். போன தடவ எங்க வீட்டுக்காரரு கொண்டுபோனது சட்டையெல்லாம் நாசமாப் போச்சாம். நம்ம தம்பி பொறுப்பு. நிமித்தித்தான் வைப்பான்."

"வைப்பான் மாமி" என்றேன். அட்டையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

தம்பியிடம் அட்டையை நீட்டியதும் அவன் அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். கட்டம் போட்டிருந்தான், ஸ்கேல் வைத்து. பத்து மாத்திரையை எப்படி அரையும் காலுமாகக் குறைத்துக்கொண்டே போய் இருபத்தெட்டாம் நாள் சுத்தமாக நிறுத்துவது என்று. என் எழுத்தைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது.

"அங்க போய் அத்தா முன்னாடி வாந்தி எடுக்கக்கூடாதுல்லக்கா. அதான்."

"மாட்டுனா என்ன ஆகும்னு தெரியுமா? நான் எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன், நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"தெரியும். பத்து நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப போகலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாருட்ட?" என்றான்.

அந்தக் கேள்வி நியாயமானது. அம்மாவிடம் அட்டையைக் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதான் எடுத்துட்டியே புள்ள. இனி பையில ஒன்னும் இல்லல்ல? போகட்டும். அங்க எங்க கெடைக்கப்போவுது? கெடைக்காத எடத்துல இருந்தா தானா மறந்துடும்."

"அங்க போய் முடியாம விழுந்தா, ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தா?"

"ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு டெஸ்ட்டு. ஊரு பூரா சாமான் குடுத்திருக்கு. என்னான்னு சொல்லித் திருப்பிக் குடுக்குறது?"

அத்தாவிடம் சொல்வது இன்னும் கடினம். காரணம் தூரம் இல்லை. அத்தாவின் அறையில் அவரோடு சேர்த்து ஏழு பேர், ஏழு பேரும் எங்கள் ஊர்தான். அத்தாவுக்குக் காது மந்தம், போனை ஸ்பீக்கரில்தான் போடுவார். எழுத்தில் அனுப்பினால் கண்ணாடியைத் தேடுவதற்குப் பதில் பக்கத்துக் கட்டில்காரரைப் படிக்கச் சொல்வார். அந்த அறையில் சொன்னது எங்கள் தெருவுக்கு வந்துசேர ஒரு தொழுகை நேரம் போதும். பத்தொன்பது வருடமாக நாங்கள் அத்தாவிடம் நல்ல செய்தி மட்டுமே பேசியதற்குப் பாசம் மட்டுமல்ல, இதுவும் காரணம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா கூப்பிடுவார், நம் நேரத்துக்கு மூன்று மணி வாக்கில். அதற்கு முன்னால் ஆறு வரிகள் எழுதி வைத்துக்கொண்டேன். அழாமல் சொல்ல வேண்டும், குறை சொல்லாமல் சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று.

போன் வந்தது. அம்மா அதைத் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பின்னால் அடுக்குக் கட்டில்கள், தொங்கும் சட்டைகள், நாலைந்து தலைகள்.

"மாப்புள வந்தாச்சா?" என்று ஒரு குரல். "ஒனக்கு மேல்பெட்டு ரெடிப்பா. உங்க அத்தா கொறட்டையில கட்டிலே ஆடும், கெட்டியாப் புடிச்சுக்கிட்டுப் படு."

"கொறட்ட விடுறது யாருன்னு வந்து பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார் அத்தா. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. மகன் வருகிறான் என்று முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் போனை வாங்கினேன். "அத்தா, கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க. ஸ்பீக்கர அமத்திட்டு."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். "என்னா மச்சான், புள்ளைக்கு மாப்புள பாத்தாச்சோ?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். படி இறங்குவது தெரிந்தது. கட்டடத்துக்குப் பின்னால், குளிர்சாதன இயந்திரங்கள் இரையும் ஒரு சந்தில் நின்றார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தார். இப்போது திரையில் அவர் காது மட்டும் தெரிந்தது.

முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவதில் இருந்தபோது தம்பி போனை என் கையிலிருந்து எடுத்தான். அப்படி அவன் எதையும் யாரிடமிருந்தும் எடுத்ததில்லை.

"அத்தா," என்றான். அந்தப் பக்கம் "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்ற குரல். "அத்தா, நான் வரல."

அவ்வளவுதான். பதினேழு வருடத்தில் அவன் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்ட முதல் தடவை அது. போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மீதி நான்கு வரியையும் நான் சொன்னேன்.

அத்தா திட்டவில்லை. "கை இன்னும் வலிக்குதாம்மா அவனுக்கு?" என்றார்.

"இல்லத்தா. கை வலியில்ல."

"சரி." என்றார். "விசாவுல பேரு தப்பா அடிச்சிருக்குன்னு இங்க சொல்லிக்கிறேன். நீங்களும் அதையே சொல்லுங்க. ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கணும். பாஸ்போர்ட்டு உங்கிட்ட இருக்கட்டும். அவனத் தனியா எங்கயும் விடாத. நீ படிச்ச புள்ள, நீ பாத்துக்க."

அறைக்குத் திரும்பும்போது அவர் படியேறிக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. போனை அணைக்க மறந்துவிட்டார். கதவு திறந்ததும், "என்னா மச்சான், எந்த ஊரு மாப்புள?" என்ற குரலும், "பாப்போம், பாப்போம்" என்று அத்தா சிரிப்பதும் கேட்டது. நான் அணைத்தேன்.

ஊர்ச் சாமானை நானே ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். விசாவில் பெயர் தப்பு, விசாவில் பெயர் தப்பு என்று பதினொரு வீட்டில் சொன்னேன். எதிர்வீட்டு மாமி ஊறுகாயை வாங்கிக்கொண்டு, "எழுத்துப் பிழைக்கா பயணத்த நிறுத்துனாங்க? எங்க வீட்டுல ரெண்டே நாள்ல திருத்தி வாங்குனாங்களே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று கதவைப் பாதி சாத்தினார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து தம்பியை அரியலூருக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. மனநல மருத்துவர் இருக்கிறார். பெரம்பலூரில் பஸ் மாற வேண்டும். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது. ஜன்னலை மூடினால் வேர்க்கும், திறந்தால் தூசு. தம்பி ஜன்னல் பக்கம், நான் வழிப் பக்கம். முதல் நாள் இயல்பாக உட்கார்ந்தோம். இப்போது அது ஏற்பாடு: நான் எழுந்தால்தான் அவன் இறங்க முடியும்.

முதல் சந்திப்பிலேயே டாக்டர் கேட்டார், "வீட்டுல மாத்திரை யாரு குடுப்பீங்க?" குறைத்துக்கொண்டே வருவதற்கான மருந்தும், பதற்றத்துக்கான மருந்தும் அவன் கையில் இருக்கக்கூடாது. அன்று கூட வந்திருந்த அம்மா தரையைப் பார்த்தார். நான் கை தூக்கினேன். தினமும் காலை ஏழரைக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு காட்டினான். இப்போது என்னைப் பார்த்துக்கொண்டே காட்டுகிறான். எது மேல் என்று தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு முறை, ஏழாவது வாரம் ஒரு முறை அவன் பழைய மாத்திரையை எடுத்தான். இரண்டாவது முறை அவனே வந்து சொன்னான். நான் கத்தினேன். அவன் சொல்லி முடிக்கும் வரை கத்தாமல் இருந்திருக்கலாம்.

"நீ வாசல்ல பூட்டு போட்டுட்டேக்கா" என்றான் அன்று. "பூட்டுனது தப்புன்னு சொல்லல. ஆனா நீயும் உள்ளதான் இருக்க. அதப் பாத்தியா?"

பார்க்காமல் என்ன. திருச்சியில் பெரிய மருந்தகத்தில் வேலை கிடைத்தது, போகவில்லை. அத்தாவின் அறையில் கேலியாகக் கேட்டதுபோலவே, ஒரு மாப்பிள்ளை வீட்டிலிருந்து உண்மையிலேயே என்னைக் கேட்டு வந்தார்கள். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எனக்குச் சொல்லாமலே. அவர்கள் வந்து தம்பி எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்டால் என்ன சொல்வது? பகல் ஷிப்ட் மட்டும் வாங்கிக்கொண்டேன். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் அவனோடு இருக்க நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. கேட்டுப் போனது சச்சா வீட்டுக்கு. லாரி ஓடாத நாட்களில் சச்சா மகன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். இருவரும் பைக்கைப் பிரித்துப் போட்டு எதையோ செய்கிறார்கள். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை ஆரம்பித்தேன். "டீ போடுக்கா, அப்புறம் பேசலாம்" என்றான் இரண்டு முறையும்.

தம்பிக்காக இப்போது எந்தத் தாளிலும் கட்டம் போடுவதில்லை. டாக்டர் சொன்னார் என்பதற்காக நிறுத்தியது இல்லை. எதைக் கொடுத்தாலும் அவன் டிக் அடித்துவிடுவான்.

இதை எழுதும்போது நிலைமை இது. விசா காலாவதியாகிவிட்டது. பாஸ்போர்ட் ஆஸ்பத்திரியில் என் லாக்கரில் இருக்கிறது. தம்பி பதினோராவது வாரத்தில் இருக்கிறான். கடைசியாகப் பழைய மாத்திரை எடுத்து இருபத்தாறு நாள் ஆகிறது என்று அவன் சொல்கிறான், இந்த வாரச் சிறுநீர்ப் பரிசோதனையும் அப்படித்தான் சொல்கிறது. கல்லூரியில் சேரவில்லை. அம்மா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார். அத்தா வெள்ளிக்கிழமைகளில் இப்போது படியிறங்கி வந்து கூப்பிடுகிறார். வாசல் சாவி ஒன்றுதான். அது என்னிடம் இருக்கிறது.